மேலிருந்து இறங்கும் வண்டிக்கு எந்தப் பெட்டரி?

போன வாரம், ஹோட்டல் பராமரிப்பு வேலையில் இருக்கிற உங்களில் இரண்டு பேர் குண்டசாலையில் என் வீட்டுக்கு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "பகிக்கு எந்தப் பெட்டரி நல்லது, பாஸ்?" தேத்தண்ணி ஆறும் வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை. கிழவனுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். காது நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஒரு கல்யாண நாள்தான் ஞாபகம் வரும். நேரில் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கோல்ப் மைதானத்தில் ஓடுகிற மின்சார வண்டியை நாங்கள் பகி என்போம். கண்டிப் பக்கத்து மலை ஹோட்டல்களில் கோல்ப் ஆடுகிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் பெட்டியோடும் பிள்ளையோடும் வருகிற விருந்தினரை ஏற்றி இறக்க அந்த வண்டியைவிட்டால் வேறு வழியில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஹோட்டல் பராமரிப்பில் இருந்தேன். கடைசி ஆறு வருடம் நான் பயந்து பயந்து பார்த்துக்கொண்டது இந்த வண்டிகளைத்தான்.

நான் இயல்பிலேயே பயந்தவன். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். "இவருக்குப் பயப்பட ஒண்ணும் இல்லேன்னா, ஏன் இல்லேன்னு பயப்படுவாரு" என்று என் மனைவி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். பராமரிப்பு வேலைக்குப் பயந்தவன் நல்லவன் என்று நானும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். பயப்படுகிறவன் எல்லாவற்றுக்கும் பயப்படுவான் என்று நம்பாதீர்கள். நானும் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஹோட்டல் அம்பிட்டியவுக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. ரிசெப்ஷன் உச்சியில், பெரிய ரோட்டை ஒட்டி. தங்கும் வீடுகளும் கல்யாணம் நடக்கிற புல்வெளியும் கீழே. இடையில் ஒரு வண்டி மட்டும் போகிற கொங்கிரீட் பாதை, மூன்று வளைவு. இரண்டாவது வளைவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மிளகுக்கொடி படர்ந்த மரங்கள், அதற்கும் அந்தப் பக்கம் வெறும் பள்ளம். ஆறு பேர் உட்காரக்கூடிய பகி நான்கு இருந்தன. அவற்றைச் சார்ஜ் போடும் கொட்டகையை ரிசெப்ஷனுக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். வண்டி தேவைப்படுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கொட்டகை இருக்கிறதே என்று எல்லோருக்கும் திருப்தி.

பெட்டரி விஷயத்தில் நான் அதற்கு முன்பும் பட்டிருக்கிறேன். ஒரு தடவை ஒரு வண்டியின் எட்டுப் பெட்டரியில் இரண்டு செத்துப்போக, அந்த இரண்டை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டேன். கிழட்டு ஆறும் சேர்ந்து புது இரண்டையும் சில மாதத்திலேயே கிழடாக்கிவிட்டன. இன்னொரு தடவை அவசரத்துக்குப் பிலிமத்தலாவையில் போய் லொறிப் பெட்டரி வாங்கினேன். கடைக்காரர் நல்ல மனிதர், "அண்ணே, இது ஸ்டார்ட் அடிக்கிற பெட்டரி, நாள் முழுக்க ஓடுற பெட்டரி இல்ல" என்று சொல்லித்தான் தந்தார். எனக்கா தெரியாது என்று தூக்கிக்கொண்டு வந்தேன். முதல் வாரம் வண்டி குதிரைபோல ஓடியது. மழைக்காலம் முடிவதற்குள் நான்கு பேர் பின்னால் நின்று தள்ளவேண்டி வந்தது. இவையெல்லாம் அசடு வழிகிற பிழைகள்தான், ஆளுக்கு ஆபத்து இல்லை.

அதனால் லித்தியம் பெட்டரி போடுவது என்று முடிவானபோது நான் விடவில்லை. விற்க வந்தவரை மூன்று தடவை கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன். ஒரு சார்ஜில் எத்தனை தரம் மேலே ஏறும், மழையில் நனைந்தால் என்ன ஆகும், எடை எவ்வளவு, எத்தனை வருடம் உழைக்கும், பழைய சார்ஜர் சரிவருமா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒரு கத்தைத் தாளும் தந்தார். இரண்டு பக்கம் வாசித்தேன், எனக்குப் பிடித்த விஷயங்கள் அதிலேயே இருந்தன, கையெழுத்துப் போட்டேன். என் கேள்விகள் அத்தனையும் வண்டி ஏறுவதைப் பற்றியவை. இறங்குவதைப் பற்றி நான் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பகி சரிவில் இறங்கும்போது மோட்டார் வண்டியைப் பிடித்து இழுக்கும். அப்படிப் பிடிக்கிறபோது அதுவே மின்சாரம் உண்டாக்கிப் பெட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஓட்டுகிறவர் காலை எடுத்தால் போதும், வண்டி தானாக மெல்ல இறங்கும், கால் பிரேக்குக்கு வேலையே இல்லை. பழைய ஈயப் பெட்டரி நிறைந்திருந்தாலும் அந்த மின்சாரத்தை முணுமுணுத்துக்கொண்டு வாங்கிக்கொள்ளும். லித்தியம் பெட்டரிக்குள் ஒரு காவல் சர்க்கிட் இருக்கிறது. பெட்டரி முழுதாக நிறைந்திருக்கும்போது மேலும் அனுப்பினால், பெட்டரியைக் காப்பாற்ற அது கதவை அடித்துச் சாத்திவிடும். சாத்தினால் மோட்டாருக்குப் பிடிமானம் போய்விடும். வண்டி சும்மா உருளும்.

சம தரையில் இது யாருக்கும் பிரச்சினை இல்லை. எங்கள் வண்டிகளோ விடிய விடிய உச்சியில் நின்று நிறைந்துவிட்டு, காலையில் செய்கிற முதல் வேலையே இறங்குவதுதான்.

புதுப் பெட்டரி போட்டு இரண்டு மூன்று நாள் இருக்கும். நசீர் நானா என்னிடம் வந்தார். ஓட்டுநர்களில் மூத்தவர், என்னைவிட இரண்டு வயது கூட, அதனால் எனக்கும் அவர் நானாதான், அண்ணன். நல்லவர்தான், ஆனால் குறை சொல்வதில் சலிக்கமாட்டார். சீட் கீச்சிடுகிறது, கண்ணாடி ஆடுகிறது, மழைத்திரை நாறுகிறது என்று தினமும் ஏதாவது கொண்டுவருவார். நான் கொட்டகையில் வேறு வேலையாக நின்றேன்.

"பாஸ், காலைல ரெண்டு பேர ஏத்திக்கிட்டு எறங்கக்குள்ள, வண்டி புடிச்சீந்த கைய விட்ட மாதிரி ஈந்திச்சி. ஸ்கிரீன் அணைஞ்சி போச்சி. பொறவு தானா வந்திச்சி."

"பிரேக் புடிச்சிச்சா?"

"கால் பிரேக் புடிச்சிச்சி. அது இல்ல பாஸ் விசயம்..."

"சரி நானா, நான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் நானே அந்த வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கினேன். ஒரு குறையும் இல்லை. மத்தியானம் பெட்டரி நிறைந்திருக்காது, தனி ஆளுக்கு எடையும் இல்லை என்பதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. பராமரிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: "பார்த்தேன். பிழை இல்லை." அன்றிலிருந்து நசீர் நானா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. விருந்தினர் வருவதற்கு முன், காலையில், நான்கு வண்டிகளும் வெறுமையாகக் கீழே போய்ச் சும்மா திரும்பி வருகின்றன. ஒவ்வொரு நாளும் இதே கூத்து. புதுப் பெட்டரி கிடைத்த குஷியில் சவாரி அடிக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் கொட்டகைச் சுவரில் எழுதி ஒட்டினேன்: வெறும் வண்டி ஓட்டக்கூடாது. நானா அதை வாசித்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

அந்தக் கல்யாணம் கண்டி நகரத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றுடையது. அவர்களுக்கு டவுனில் துணிக்கடை. முகூர்த்தம் ஒன்பது பத்துக்கு. மாப்பிள்ளையும் பெண்ணும் கீழேதான் தங்கியிருந்தார்கள். காலையில் எட்டரைக்கு இரண்டு பஸ்ஸில் உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். இளவட்டங்கள் தோட்டத்துப் படிகளில் இறங்கி ஓடினார்கள். படி இறங்க முடியாதவர்கள் முப்பது பேர் அளவில் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் பெண்ணின் தாத்தா. எண்பது தாண்டியவர், முழங்கால் ஒப்பரேஷன் செய்துகொண்டவர், பட்டு வேட்டி. பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கவேண்டும் என்று தன் பொறுப்பில் போகிறேன் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவராம். முதல் வண்டியில் நானாவுக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்தார்கள். பின்னால் அவருடைய தங்கைகள்.

நானா வண்டியை எடுக்கவில்லை. இறங்கி என்னிடம் வந்தார்.

"பாஸ், ஒரேயொரு தரம் வெறும் வண்டிய கீழ கொண்டுபோய்ட்டு வாறன்."

"நேத்துத்தானே எழுதி ஒட்டினேன், நானா? ஆளுங்க ஏறி உக்காந்துட்டாங்க, இப்பப் போய் சவாரியா?"

"சவாரி இல்ல பாஸ்." அவர் குரலைத் தாழ்த்தினார். "முழுச் சார்ஜில எறங்கினா அது கைய விடுது. ஒரு தரம் வெறுமையாப் போய் ஏறி வந்தா பொறவு விடுறதில்ல. அதுதான் நாங்க நாலு பேரும் ஒவ்வொரு நாளும் அப்பிடிச் செஞ்சிட்டு ஆள ஏத்துறது. நீங்க பிழை இல்லன்னு எழுதிட்டீங்க. நாங்க என்ன செய்ற?"

நான் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தேன். நான்கு சார்ஜரிலும் பச்சை விளக்கு. இன்றைக்குக் கல்யாணம், வண்டி பாதியில் நிற்கக்கூடாது என்று, கடைசி நிமிடம் வரைக்கும் சார்ஜில் போட்டு வைக்கச் சொன்னதும் நான்தான். முழுச் சார்ஜ், முழு எடை, இறக்கம். அதுவரைக்கும் அந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததே இல்லை. அந்த மாதம் ஆட்கள் குறைவு, ஒரு நடைக்கு இரண்டு பேர் ஏறினால் அதிகம். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தவன் நான்.

"ஒரு தரம் வெறுமையாப் போய்ட்டு வந்தா போதுமா, நானா?"

"ரெண்டு பேர் ஏறினா போதும். ஆறு பேர ஏத்தி நான் பாக்கல்லயே, பாஸ்."

அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அதற்குள் மனேஜர் ஓடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், வேலையில் சேர்ந்து நடத்துகிற முதல் பெரிய கல்யாணம். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன கதைக்கிறியள் அண்ணை? அரை மணித்தியாலத்திலை தாலி கட்டு. இப்ப வந்து ஓடேலாது எண்டா நான் அவையளுக்கு என்னண்டு சொல்றது?"

"சந்தேகமா இருக்கு சார்."

"சந்தேகமோ, நிச்சயமோ?"

"சந்தேகம்தான்."

"அப்ப மெதுவாப் போகச் சொல்லுங்கோ. கால் பிரேக் இருக்குத்தானே? பிடிச்சுப் பிடிச்சுப் போகட்டும்."

தம்பி, தங்கச்சி, உண்மையைச் சொல்கிறேன். "சரி சார்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கால் பிரேக் நன்றாகத்தான் இருந்தது, முந்தின மாதம் நானே கழற்றிப் பார்த்தது. நானா மெதுவாக இறக்கிவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் சரி என்று சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு நாள் உங்களுக்கும் தெரியும்.

மற்ற வண்டிகளிடம் சொல்லத் திரும்பினேன். நான்காவது வண்டியின் ஓட்டுநர் வேலைக்கு வந்து நான்கே நாள். "கால் பிரேக்க வச்சே எறக்குங்க" என்றேன். அவர் குனிந்து காலடியைப் பார்த்தார். அந்தப் பாதையில் அவர் கால் பிரேக்கை ஒரு தடவைகூட மிதித்ததில்லை. மிதிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. அவருக்குப் பின்னால் ஐந்து பேர், மடியில் பூத்தட்டு, வெற்றிலைத் தட்டு, ஒருவர் கையில் ஊன்றுகோல். இரண்டாவது வளைவின் சுவர் என் கண்ணுக்கு முன்னால் வந்தது, முழங்கால் உயரச் சுவர்.

நான்கு வண்டிகளிலிருந்தும் சாவியை உருவினேன். காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். துணிச்சலாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள், மனேஜர் பக்கம் நான் திரும்பவே இல்லை. "எல்லாரும் எறங்குங்க, வண்டி ஓடாது" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

பிறகு நடந்ததை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பெண்ணின் அப்பா கீழேயிருந்து போன் எடுத்துக் கத்தினார். ஹோட்டலுக்கு வந்த ஆட்களை நடக்கவிடுகிறீர்களா என்று ஒரு அம்மா அழுதார். படி இறங்கக்கூடியவர்களை ஆளுக்கொருவர் கைப்பிடித்து இறக்கினோம். தாத்தாவால் முடியவில்லை. ஒரு கதிரையில் உட்காரவைத்துத் தோட்டக்காரர் நான்கு பேர் தூக்குவது என்று முடிவானது. அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நான் என்ன சாமியாய்யா, தூக்கிட்டுப் போக? வண்டிதான் நாலு நிக்குதே, ஒண்ண எடுங்கய்யா" என்று ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். அவரைச் சம்மதிக்க வைக்கவே பத்து நிமிடம் போய்விட்டது. தூக்குகிறவர்கள் இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றார்கள். நான் கதிரையின் பின்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டே போனேன். மூன்றாவது வளைவில் இறங்கும்போது கீழே கெட்டிமேளம் கேட்டது. கதிரையைத் தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கிழவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, மேளம் அடங்கும் வரை அப்படியே இருந்தார்.

சாப்பாடு முடிந்து பெண்ணின் அப்பா என்னைத் தேடி வந்தார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"ஏங்க, அந்த வண்டிக்கு என்னதான் கோளாறு?"

"பெட்டரி சந்தேகமா இருந்திச்சிங்க. இறங்கறப்போ பிடி விட்டிரும்னு..."

"விட்டிச்சா?"

"இல்லிங்க. ஓட்டவே இல்லியே."

"அப்ப சந்தேகம்தான். உங்க சந்தேகத்துக்காக எங்கப்பா பாக்க வேண்டியத பாக்காமப் போயிட்டாரு." அவ்வளவுதான் சொன்னார். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

பஸ்கள் போனதும் மனேஜர் கூப்பிட்டார். "அண்ணை, நாளைக்கு மேலிடத்துக்கு நான் எழுத வேணும். என்ன எழுதிறது? சந்தேகம் எண்டு எழுதேலுமோ? ஓட்டிக் காட்டுங்கோ."

ஓட்டிக் காட்டுவது என்று முடிவானது. இரண்டாவது வளைவில் சுவரை ஒட்டிப் பழைய டயர்களை அடுக்கினோம். சமையலறையிலிருந்து ஆறு அரிசி மூட்டை வாங்கி சீட்டுகளில் கட்டினோம். நான் தனியாக ஓட்டுகிறேன் என்றேன். நானா விடவில்லை. "அந்தக் கால் பிரேக் என்ட காலுக்குத்தான் தெரியும்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனேஜர் மேலே நின்று பார்த்தார்.

முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. வண்டி பூப்போல இறங்கியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு, புல்வெளி. அங்கே பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அரிசி மூட்டைகளின் ஊர்வலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். மேலே ஏறி வந்தபோது மனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் காது இரண்டும் எரிந்தது. அந்தக் கிழவர் கைகூப்பியபடி இருந்தது கண்ணிலேயே நின்றது. நான் வீணாக ஒரு மனிதரின் ஆசையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனா?

வண்டிகள் காலையிலிருந்து சார்ஜரை விட்டு நின்றிருந்தன, பெட்டரி காலையில் இருந்த அளவுக்கு நிறைந்திருக்காது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பவும் சார்ஜில் போட்டேன். பச்சை விளக்கு வரும்வரை கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் இரண்டு மூட்டை ஏற்றினேன். அந்த நேரமெல்லாம் நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். முருகா, இது பிழை காட்டவேண்டும். என் தொழிலில் நான் பழுதாகட்டும் என்று வேண்டிய ஒரே வண்டி அது.

விளக்கு பச்சையானதும் கழற்றி உடனே இறங்கினோம். முதல் வளைவு தாண்டிக் கொஞ்சத் தூரம் போயிருப்போம். சீட்டுக்கு அடியில் "டிக்" என்று ஒரு சத்தம். ஸ்கிரீன் கறுத்தது. வண்டி ஒரு கணம் யோசித்ததுபோல இருந்தது, பிறகு பாய்ந்தது. மூட்டைகள் முன்னால் சாய்ந்தன. நானா எழுந்து நின்றே பிரேக்கை மிதித்தார். வண்டி அடுக்கி வைத்த டயர்களில் முட்டியது, ஒரு டயர் சுவரைத் தாண்டிப் போய் மிளகு மரங்களுக்குள் எங்கோ விழுகிற சத்தம் கேட்டது. வண்டி நின்றது.

நான் கத்தினேன். பயத்தில் அல்ல. "பாத்தீங்களா! பாத்தீங்களா சார்!" என்று மேலே பார்த்துக் கையைத் தூக்கிக் கத்தினேன். மனேஜர் பாதையிலேயே குந்திவிட்டார், தலையில் கை வைத்துக்கொண்டு. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நானா இன்னும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாஸ், இவ்வளவு சந்தோசமா?"

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்த இடத்தில் அரிசி மூட்டைக்குப் பதிலாக யார் உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்பது அப்போதுதான் உடம்பில் இறங்கியது. அன்று பகல் முழுக்க நான் யாருக்காகப் பதறிக்கொண்டிருந்தேன் என்பதும் தெரிந்தது. காலையில் அந்த ஆட்களுக்காகப் பயந்தேன். பெண்ணின் அப்பா வந்து பேசியதிலிருந்து என் பெயருக்காகத்தான் பயந்தேன். வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

மருந்தாக என்ன செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தேவை அதுதானே. சார்ஜ் முழுதாக நிறையாமல் கொஞ்சம் முன்னாலேயே நிற்கிற மாதிரி சார்ஜர்களை மாற்றினோம். கொட்டகையைப் பிரித்துக் கீழே புல்வெளிப் பக்கம் கட்டினோம், இப்போது காலையில் வண்டிகளின் முதல் வேலை ஏறுவது. பெட்டரி நல்ல பெட்டரிதான், விற்றவரையும் குறை சொல்லமாட்டேன். அவர் தந்த தாளின் நான்காம் பக்கத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. எனவே எந்தப் பெட்டரி நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் வண்டி காலையில் எந்தப் பக்கம் திரும்பி ஓடுகிறது என்று முதலில் பாருங்கள், பிறகு அதை ஓட்டுகிறவரிடம் போய்க் கேளுங்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் மனேஜர் அந்தக் குடும்பத்துக்குப் போன் எடுக்கப் போனார், நாங்கள் செய்தது சரிதான் என்று சொல்ல. நான் நேரில் போகிறேன் என்றேன். நானாவையும் கூட்டிக்கொண்டு த்ரீவீலரில் போனேன். வீட்டு வாசலில் அவர் இறங்கவில்லை, "நீங்க பேசிட்டு வாங்க பாஸ்" என்று உள்ளேயே இருந்துவிட்டார்.

தாத்தா கதிரையில் சாய்ந்திருந்தார். மகனும் பக்கத்தில் இருந்தார். உங்களைக் காப்பாற்றினேன் என்று சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்த பேச்சு வரவில்லை. பெட்டரியைத் தேர்ந்தெடுத்தது நான், முழுச் சார்ஜ் போடச் சொன்னது நான், ஓட்டுநர் முன்கூட்டியே சொன்னபோது பிழை இல்லை என்று எழுதியதும் நான், அதனால்தான் உங்களுக்கு அந்த நிலைமை வந்தது என்றேன். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் எனக்குப் பின்னால் வாசல் பக்கம் பார்த்தார்.

"அந்த டிரைவரு எங்க?"

"வெளிய த்ரீவீலர்ல இருக்காருங்க."

"என்னங்க மனுசன் நீங்க? உள்ள கூப்புடுங்க மொதல்ல."

நானா தயங்கித் தயங்கி வந்தார். கிழவர் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார். தேத்தண்ணி வந்தது. நானா எதையும் விடாமல் சொன்னார். அந்த முதல் நாள் காலை, எந்த இடம், ரோடு ஈரமாக இருந்தது, பின்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள். "அப்பதான் சீட்டுக்கு அடில 'டிக்'ன்னு ஒரு சத்தம் கேட்டிச்சி. அதுக்குப் பொறவுதான் ஸ்கிரீன் அணைஞ்சிச்சி."

கோப்பையைக் கீழே வைத்தேன். அந்த டிக் சத்தம், பெட்டரி தன்னைத்தானே துண்டித்துக்கொள்கிற சத்தம். அந்த ஒரு வார்த்தை அன்றைக்கே காதில் விழுந்திருந்தால் எனக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கியிருக்கும்.

"நானா, இத ஏன் எங்கிட்ட அன்னைக்கே சொல்லல?"

"சொல்லத்தான் வந்தன் பாஸ்" என்றார் அவர். "நீங்க அதுக்குள்ள பாக்குறேன்னு சொல்லிட்டு அங்கால திரும்பிட்டீங்க."